இரைப்புச் சத்தம் அடங்கினால் உடனே நிம்மதி அடையாதீர்கள்: ஆம்புலன்சில் மூச்சுத்திணறல் பற்றி

வடசென்னை உதவியாளர் (இழையைத் தொடங்கியவர்)

மார்கழிப் பனியும் போகிப் புகையும் ஒன்றுசேரும் வாரங்கள் நெருங்குகின்றன. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தின் போக்குவரத்தே தடுமாறியது பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட அதிகாலைகளில் எங்கள் வண்டிக்கு வரும் அழைப்புகளில் மூச்சுத்திணறல்தான் முன்னால் நிற்கும். ஆம்புலன்சில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மருத்துவ உதவியாளர்களும், வீட்டில் ஆஸ்துமா நோயாளியை வைத்திருப்பவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வீசிங் எனும் இரைப்புச் சத்தம் குறைவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மருந்து வேலை செய்து மூச்சுக்குழாய்கள் விரிந்திருக்கலாம். அல்லது இழுத்து இழுத்து நெஞ்சுத் தசைகள் களைத்துப்போய், சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று நகராமல் போயிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். “இவ்வளவு நேரம் துடித்தார், இப்போது பரவாயில்லை, அசந்து தூங்குகிறார்” என்று வீட்டார் நிம்மதியாகச் சொல்லும் நேரம் பல சமயங்களில் மூச்சு நிற்பதற்குச் சில நிமிடங்களுக்கு முந்தைய நேரமாக இருக்கிறது. களைத்த நுரையீரலில் கரியமில வாயு தேங்கும். அது தேங்கத் தேங்க மயக்கமும் குழப்பமும் வரும். அதைத் தூக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பேசச் சொல்லுங்கள். மருந்தால் தேறியவர் பேசுவார், தண்ணீர் கேட்பார், வந்தவர்களைப் பார்ப்பார். தளர்ந்தவர் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார், அல்லது கண்ணை மட்டும் திறந்து மூடுவார். நெற்றி வியர்த்துக் குளிர்ந்திருக்கும். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சின் இரு பக்கமும் வைத்தால் எதுவுமே கேட்காது. அந்த அமைதி உயிருக்கு ஆபத்தான நிலை. அம்பு பையை, அதாவது முகமூடியோடு கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பையை, கையில் எடுக்க வேண்டிய நேரம் அது.

வாசலில் நுழையும்போதே பாதி தெரிந்துவிடும். இரு கைகளையும் முட்டியில் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரா? ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்கிறாரா, இரண்டு மூன்று சொற்களில் மூச்சு வாங்குகிறாரா? விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறதா? அதன்பிறகு மூச்சை எண்ணுங்கள். குறைந்தது 30 விநாடி கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 30-ஐத் தாண்டினால் பயப்பட வேண்டும். 34 இருந்தது 10 ஆகிவிட்டது, ஆள் கண் திறக்கவில்லை என்றால் அதைவிடப் பயப்பட வேண்டும்.

பயிற்சி மாணவன்

அண்ணா, இதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை. ஒரு சந்தேகம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 96 காட்டுகிறது, ஆனால் ஆள் மூச்சு வாங்குகிறார் என்றால் எதை நம்புவது?

அவசரப் பிரிவு மருத்துவர்

ஆளை நம்புங்கள், தம்பி.

அந்தக் கருவியைக் குறைத்துப் பேசுவதற்காகச் சொல்லவில்லை. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970-களில் அதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார். அது வந்த பிறகு மயக்க மருந்துத் துறையே மாறிப்போனது. கொரோனா காலத்தில் சென்னையில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தார்கள். 2020 ஏப்ரலில், அதே பெருந்தொற்றின் தொடக்கத்தில், அயோயாகி காலமானார். ஆனால் அந்தக் கருவி அளப்பது ஒன்றை மட்டும்தான்: இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை. கரியமில வாயு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆக்சிஜன் முகமூடி போட்ட ஆஸ்துமா நோயாளி 97 காட்டிக்கொண்டே நினைவிழந்து போகலாம்.

இன்னும் சில உண்டு. குளிர்ந்த விரல், தாழ்ந்த இரத்த அழுத்தம், நகப்பூச்சு, நடுக்கம் ஆகியவை கணக்கைக் கெடுக்கும். கருமையான தோலில் உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு பெரிய விவாதத்தைக் கிளப்பியது. நம் ஊரில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்: 92-க்கும் 94-க்கும் நடுவே நிற்கும் எண்ணை வைத்து யாரையும் “நன்றாக இருக்கிறார்” என்று விட்டுவிடாதீர்கள்.

அதைவிட மோசமானது கார்பன் மோனாக்சைடு. புயல் நாளில் மின்சாரம் போய், கதவு சன்னலை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயோ பூட்டிய கார் நிறுத்துமிடத்திலோ ஜெனரேட்டரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டில் தலைவலி, வாந்தி, மயக்கம் என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் விழுந்தால் மீட்டர் 99 காட்டினாலும் பொருட்படுத்தாதீர்கள். அந்த நச்சு ஏறிய இரத்தத்தைக் கருவி ஆக்சிஜன் ஏறிய இரத்தமாகவே படிக்கும். முதலில் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும் பை வைத்த முகமூடியில் (அம்பு பை அல்ல) முழு வேகத்தில் ஆக்சிஜன்.

கே.கே. நகர் மகள்

எல்லோருக்கும் வணக்கம். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. அப்பாவுக்கு 72 வயது, பல வருடங்களாக சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நாங்கள் இருப்பது பழைய குடியிருப்பின் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. போன முறை இரவில் மூச்சு முட்டியபோது வந்த தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள், “மெதுவாகப் பிடித்துக்கொண்டு இறங்கி வாருங்கள் ஐயா” என்றார்கள். இரண்டாவது மாடிக்குள் உதடு நீலமாகிவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தோம், பிழைத்தார். அது தவிர்க்க முடியாததா, அல்லது வேறு வழி இருக்கிறதா?

இரண்டாவது கேள்வி: “இவருக்கு ஆக்சிஜன் அதிகம் கொடுத்தால் ஆபத்து” என்று ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். மூச்சு முட்டும்போது கொடுப்பதா, வேண்டாமா?

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், சகோதரி. மூச்சுத்திணறல் உள்ளவரை ஒரு படிகூட நடக்க விடக்கூடாது. நடந்தால் தசைகளுக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். அவரிடம் இருப்பதே போதவில்லை. மடக்கு நாற்காலி வண்டியில் இருந்தால் அதில் உட்கார வைத்துப் பட்டை கட்டி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கைப்பிடி வைத்த கனமான மர நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். படியில் சாய்க்கும்போது கால் மடங்கும். துண்டாலோ வேட்டியாலோ இடுப்பைக் கட்டுங்கள். முகம் படியிறங்கும் பக்கம் இருக்கட்டும். முதுகுப் பக்கம் ஒருவர், கால் பக்கம் ஒருவர், அந்தக் கீழ் ஆளின் முதுகைத் தாங்க மூன்றாவதாக ஒருவர். சிலிண்டர் நான்காவது ஆளிடம். கீழ்வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் வராமல் இருக்க மாட்டார்கள்; இது நான் நேரில் பார்த்துச் சொல்வது.

பழைய வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளிலும், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கத்துக் குறுகிய மாடிப்படி வீடுகளிலும் ஸ்ட்ரெச்சர் திரும்பவே திரும்பாது. அங்கே நாற்காலிதான் கதி. எப்படியும் இவர்களைப் படுக்க வைக்கவே கூடாது. வண்டிக்குள் ஏற்றியதும் ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி, உட்கார்ந்த நிலையிலேயே வைக்க வேண்டும். படுத்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும், இருக்கும் கொஞ்ச மூச்சும் போய்விடும்.

அவசரப் பிரிவு மருத்துவர்

ஓட்டுநர் ஐயா சொன்ன ஒவ்வொரு சொல்லையும் வழிமொழிகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அம்மா.

சி.ஓ.பி.டி. உள்ள சிலருக்கு அளவு மீறிய ஆக்சிஜன் கரியமில வாயுவைத் தேங்க வைக்கும், அது உண்மை. அதனால் அவர்களுக்கு ஆக்சிமீட்டரில் இலக்கு 88 முதல் 92 வரை. மற்றவர்களுக்கு 94 முதல் 98 வரை. ஆனால் இந்த உண்மையைப் பாதி மட்டும் கேட்டுவிட்டு, 76-இல் நிற்கும் ஆளுக்கு ஆக்சிஜனை மூடி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது கொடுமை. ஆக்சிஜன் குறைவு நிமிடங்களில் கொல்லும். கரியமில வாயு அவ்வளவு விரைவில் கொல்லாது, அதைச் சமாளிக்க ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றுச் செலுத்தும் சிபாப், பைபாப் கருவிகள் இருக்கின்றன. ஆகவே கொடுங்கள். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 1 அல்லது 2 லிட்டரில் தொடங்குங்கள், மீட்டரைப் பார்த்துக்கொண்டே 88-க்கு மேலே கொண்டுவாருங்கள், 92-ஐத் தாண்டினால் குறையுங்கள். மிகவும் மோசமாக இருந்தால் முகமூடியிலேயே தொடங்கி, தேறியதும் குறைத்துக்கொள்ளலாம். அவருக்குரிய இலக்கை ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். வருகிறவர்கள் முதல் முறை பார்ப்பவர்களாக இருப்பார்கள்.

தென்சென்னை டெக்னீஷியன்

நான் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். இங்கே எல்லோரும் வீட்டிலேயே நின்று பார்ப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். சென்னையில் எந்த மூலையிலிருந்தும் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. ஏற்றினோம், போனோம் என்று இருப்பதுதான் நல்லது. வீட்டில் நெபுலைசரை, அதாவது மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் கருவியை, மாட்டிக்கொண்டு நிற்கும் 15 நிமிடத்தில் நான் ராயப்பேட்டைக்கே போய்விடுவேன்.

வடசென்னை உதவியாளர்

நண்பரே, இரவு இரண்டு மணிக்குப் போய்விடுவீர்கள். மாலை ஏழு மணிக்கு அண்ணா சாலையில்?

கோபமாகக் கேட்கவில்லை; நீங்கள் சொல்வதில் உள்ள அக்கறை புரிகிறது. ஆனால் நோயைப் பொறுத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம் பையிலேயே விடை இருக்கும் நோய்களுக்கு நின்ற இடத்திலேயே தொடங்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் 2.5 அல்லது 5 மில்லிகிராம், கடுமையாக இருந்தால் இப்ராட்ரோபியம் 0.5 மில்லிகிராம் சேர்த்து, ஆக்சிஜன் 6 முதல் 8 லிட்டரில் நெபுலைசரை ஓட்டலாம். மாட்டுவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். மாட்டியபடியே நாற்காலியில் இறக்கலாம், வண்டி ஓடும்போதும் அது ஓடும். 15 நிமிடம் வீட்டில் நிற்கச் சொல்லவில்லை, மருந்தில்லாமல் ஒரு நிமிடம்கூட நகர்த்தாதீர்கள் என்கிறேன்.

இறால் சாப்பிட்டோ, ஊசி போட்டோ, தேனீ கொட்டியோ உடம்பெல்லாம் தடித்து, குரல் கரகரத்து, மூச்சு முட்டினால் அது ஒவ்வாமை அதிர்ச்சி. அங்கே வளர்ந்தவருக்கு அட்ரினலின் அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். அவில் எனும் சாதாரண ஒவ்வாமை ஊசியைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் அட்ரினலின் போடட்டும் என்று கிளம்பினால் வழியிலேயே தொண்டை அடைத்துவிடும். கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் பேசிக்கொண்டே போட்டுவிடலாம், ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொன்று. நெஞ்சில் அடிபட்ட விபத்து, வாய் வழியாக இரத்தம் என்று வந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி; ஆக்சிஜனை மாட்டிவிட்டு ஓட வேண்டும்.

தென்சென்னை டெக்னீஷியன்

மருந்தோடு நகர்த்துவது என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வயதானவர், இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர், இதுவரை ஆஸ்துமா என்று ஒருநாளும் மருந்து எடுக்காதவர், நள்ளிரவில் திடீரென வீசிங்கோடு எழுந்து உட்கார்ந்தால் அதை ஆஸ்துமா என்று நம்பாதீர்கள். இதயம் பம்ப் செய்ய முடியாமல் நுரையீரலில் நீர் கோத்தாலும் வீசிங் வரும். இரு பக்கமும் அடியில் நொறநொறவென்று சத்தம், இளஞ்சிவப்பு நுரை, 200-ஐ நெருங்கும் இரத்த அழுத்தம், காலில் வீக்கம் இருக்கும். அங்கே நெபுலைசரை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் நேரம் போய்விடும். அழுத்தம் நன்றாக இருந்தால் மருத்துவர் ஆலோசனையோடு நாக்கடியில் நைட்ரேட் மாத்திரை, உட்கார்ந்த நிலை, ஆக்சிஜன், சிபாப் இருந்தால் சிபாப், விரைந்த பயணம். இந்த நோயாளிகளைத்தான் நான் மனதில் வைத்துப் பேசினேன்.

அவசரப் பிரிவு மருத்துவர்

மிகச் சரி. அழுத்தம் 100-க்குக் கீழே இருந்தாலோ, ஆண்மைக் குறைவு மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ நைட்ரேட் மாத்திரை கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். கூச்சப்படாமல் கேளுங்கள், வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டாவது கேளுங்கள்.

எண்ணூர்க்காரன்

2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது ஊரே எழுந்து ஓடியது. கண் எரிச்சல், நெஞ்சு அடைப்பு, மயக்கம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் மக்கள் தெருவில் நின்றார்கள். எங்களைச் சுற்றி இத்தனை ஆலைகளை வைத்துவிட்டு, வாயு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் வீடு வீடாக வந்து சொல்லித் தரவில்லை. இங்கே தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஈரத்துணி கட்டினால் பயன் உண்டா?

அவசரப் பிரிவு மருத்துவர்

உங்கள் கோபம் நியாயமானது, ஐயா.

அம்மோனியா தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். அதனால்தான் ஈரமான இடங்களை, அதாவது கண், மூக்கு, தொண்டையை முதலில் தாக்குகிறது. அதே காரணத்தால் நனைத்த துணி ஓரளவு உதவும். ஆனால் ஓடுவதற்கான நேரத்தை வாங்கித் தரும் அளவுக்கு மட்டும்தான். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் திசைக்கு மேலேறிப் போக வேண்டும். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் உடைகளைக் கழற்றிவிட்டு, கண்ணையும் தோலையும் 15 நிமிடமாவது நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆம்புலன்ஸ்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தீயணைப்புத் துறை அனுமதிக்கும் வரை உள்ளே போகாதீர்கள். மீட்கப் போனவர் விழுந்தால் மீட்க வேண்டியவர்கள் எண்ணிக்கை கூடுகிறது.

குரல் மாறியவர்கள், மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறவர்கள்தான் முதலில் ஏற வேண்டியவர்கள். குரல்வளை வீங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நடந்து பேசிக்கொண்டு இருந்தாலும் அவர்களைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

குழந்தைகள் வார்டு செவிலி

குழந்தைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுத வந்தேன். எழும்பூர் பக்கம் வேலை.

குழந்தைகளுக்கு எண்ணும் கணக்கு வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்றால் வேகமூச்சு. அழும்போது எண்ணாதீர்கள்; அம்மா மடியில் அடங்கியிருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். முகமூடியை முகத்தில் அழுத்தி அழ வைப்பதைவிட, அம்மா கையில் பிடித்து மூக்கருகே காட்டுவது நல்லது. மூச்சு விடும்போது முனகும் குழந்தை, பால் குடிக்க முடியாத குழந்தை, அழக்கூடத் தெம்பில்லாத குழந்தை ஆகிய மூன்றுக்கும் வண்டி சைரன் போட்டு வர வேண்டும். அழுகிற குழந்தையைவிட அழாத குழந்தையைப் பார்த்துத்தான் நாங்கள் ஓடுவோம்.

வேர்க்கடலை, காசு, பட்டன் பேட்டரி. தொண்டையில் சிக்கி இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை என்றால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் தலை தாழக் கவிழ்த்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சு நடுவில் ஐந்து அழுத்து, மாறி மாறி. பெரிய குழந்தைக்கு முதுகில் ஐந்து, பிறகு பின்னால் நின்று வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து. நினைவு தப்பினால் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் உள்ளே போகும். தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்குவதும் வேண்டாம்.

பயிற்சி மாணவன்

அம்பு பையைப் பற்றி யாராவது சொல்லுங்கள். பயிற்சியில் பொம்மைக்குப் போட்டதோடு சரி. வண்டியில் உதவியாளர் ஒருவர்தானே இருப்பார்?

வடசென்னை உதவியாளர்

அதுதான் நம் வேலையின் கடினமான பகுதி, தம்பி. முகமூடியை இரு கைகளாலும் ஒருவர் பிடிக்க, இன்னொருவர் பையை அழுத்துவதுதான் நல்ல முறை. ஓட்டுநர் ஓட்டிக்கொண்டிருப்பார். ஆகவே நீ தலைப்பக்கம் இருந்து முகமூடியைத் தாடையோடு தூக்கிப் பிடித்துக்கொள். கூட வந்த உறவினரில் நிதானமானவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, “நான் சொல்லும்போது மட்டும் மெதுவாக அழுத்துங்கள்” என்று சொல். பெரும்பாலோர் நன்றாகச் செய்வார்கள். பையை முழுதாகப் பிழியக் கூடாது. நெஞ்சு எழும்பியது தெரிந்ததும் விட வேண்டும். வளர்ந்தவருக்கு ஆறு விநாடிக்கு ஒன்று. பதற்றத்தில் வேகமாக அழுத்தினால் வயிறு உப்பி வாந்தி வரும். ஆஸ்துமாவில் இன்னும் மெதுவாக, நிமிடத்துக்கு 6 முதல் 10 போதும். உள்ளே போன காற்று வெளியே வர அவர்களுக்கு நேரம் வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் வேலை கிடைத்தால் கட்டுவிரியன் கடியைப் பார்ப்பாய். தரையில் படுத்து உறங்கும்போது கடிக்கும், பல நேரம் வலியே இருக்காது. இமை தொங்கும், கழுத்து நிற்காது, பேச்சு குழறும். மூச்சுத்திணறல் போன்ற எந்த ஆர்ப்பாட்டமும் இருக்காது, ஏனென்றால் திணறுவதற்கே தசை வேலை செய்யாது. அந்த நோயாளிக்கு விஷமுறிவு மருந்து கிடைக்கும் வரை உன் கையிலிருக்கும் பைதான் நுரையீரல்.

கே.கே. நகர் மகள்

டாக்டர் சொன்னபடி 88–92 என்று எழுதி ஒட்டிவிட்டேன். மர நாற்காலி ஒன்றையும் அப்பா அறையிலேயே போட்டுவிட்டோம். வண்டி வரும் வரை அவருடைய பம்பை எத்தனை முறை அடிக்கலாம்?

அவசரப் பிரிவு மருத்துவர்

நீல நிற சால்பூட்டமால் பம்பு என்றால், ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குழல்) வைத்து ஒருமுறை அடித்து நான்கு முதல் ஆறு மூச்சு இழுக்கட்டும், பிறகு அடுத்தது. இப்படி நான்கு முதல் பத்து வரை அடிக்கலாம், வண்டி தாமதமானால் 20 நிமிடம் கழித்து மறுபடியும். ஸ்பேசர் இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் அளவுக்குத் துளை போட்டுச் செருகிக்கொள்ளலாம், வாய்ப்பக்கம் அவர் உறிஞ்சட்டும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அதற்காக நிறுத்த வேண்டாம். 108-ஐ அழைப்பதைப் பம்பு அடித்துப் பார்த்த பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள், முதலில் அழையுங்கள்.

பயிற்சி மாணவன்

கடைசியாக ஒன்று. வண்டியில் ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்

பி டைப் சிலிண்டர் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 1500 லிட்டர். பை வைத்த முகமூடியில் 15 லிட்டர் ஓடினால் 100 நிமிடம், மூக்குக் குழாயில் 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம். கேஜ் பாதி காட்டினால் இதில் பாதி. மாலை நேரத்தில் தாம்பரத்திலிருந்து சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனைக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அங்கே வாசலில் இறக்கும் நேரம் தனி. அதனால் ஷிப்ட் மாறும்போது கேஜ் பாதிக்குக் கீழே இருந்தால் மாற்றிய பிறகுதான் நான் வண்டியை எடுப்பேன். மாற்றுச் சிலிண்டரின் சாவியையும் அதன் கழுத்திலேயே கட்டி வை. இருட்டில் அதைத் தேட வைக்கக் கூடாது.